வெள்ளி, சனி லீவு போடும் திருடன்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கையிலிருக்கும் போனைக் கொஞ்ச நேரம் கவிழ்த்து வையுங்கள். இன்றைக்கு உங்களுக்கு ஒரு திருட்டுக் கதை சொல்லப் போகிறேன். பூட்டு உடையவில்லை, ஜன்னல் திறக்கவில்லை, அக்கம்பக்கத்தில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. ஆனாலும் டெக்சஸில் ஒரு மனிதனுக்கு வர வேண்டிய மகளின் குரலை யாரோ களவாடிக்கொண்டு போனார்கள். யார் என்று நீங்களும் கூடவே யோசித்துக்கொண்டு வாருங்கள். முன்னாலேயே பிடிபட்டுவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடாதீர்கள். அவருக்கும் அந்த ருசி கிடைக்க வேண்டாமா?

திங்கட்கிழமை சாயங்காலம். டென்னிஸ் காரை டோல்வேயிலிருந்து இறக்கி இர்விங் பக்கம் திருப்பினான். லாஸ் கொலினாஸின் கண்ணாடிக் கட்டடங்களில் வெயில் கடைசியாக ஒரு முறை பளிச்சென்று அடித்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

டென்னிஸ் நாகர்கோவில்காரன். நாற்பதைத் தொட்டவன். வாய் நிற்காது. பிளானோவில், மளிகைக் கடைக்கும் புருவம் திருத்தும் கடைக்கும் நடுவே ஆபீஸ் வைத்துத் துப்பறியும் வசந்தாமணிக்கு அவன்தான் டிரைவர், அவன்தான் உதவியாள், டீ போடுகிறவனும் அவன்தான். அவனுக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டது. மனைவியும் மகளும்தான் வரவில்லை. விசாவுக்காக ஊரிலேயே காத்திருக்கிறார்கள். அதனால்தானோ என்னவோ இவ்வளவு பேசுவான். பேச்சை நிறுத்தினால் அவனுக்கு அந்தக் கார் ரொம்பப் பெரிதாகிவிடும்.

"அக்கா, நெட் போச்சுன்னா நெட் கம்பெனிக்காரனைக் கூப்பிடணும். இவரு நம்மள எதுக்குக் கூப்பிடுறாரு? நாளைக்குக் குழாய் ஒழுகுதுன்னு கூப்பிட்டாலும் போவியளா?"

"குழாய் ஒழுகி யாரும் கோர்ட்டுக்குப் போறதில்லையே டென்னிசு," என்றார் வசந்தாமணி. பொள்ளாச்சிக்காரர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் க்ளெய்ம்களைப் பிடித்துப் பிடித்தே தலை நரைத்தவர். முழங்கால் வலி உண்டு. அவசரம் மட்டும் கிடையாது.

அவர்கள் தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது. மகிழன் அதன் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தான் போலும். ஏதோ ஒரு வங்கிக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். ஷேவ் செய்யாத முகம், தேய்த்த சட்டை. சட்டையைத் தேய்த்தது நமக்காக இல்லை, எட்டு மணிக்காக என்று டென்னிஸுக்குப் பிறகுதான் புரிந்தது.

"வாங்க ஆண்டி. வாங்க சார்."

வீட்டில் சாப்பாட்டு மேஜைக்கு இரண்டே நாற்காலிகள். ஒன்றில் உயரத்துக்காக ஒரு மஞ்சள் மெத்தை. அந்த நாற்காலிக்கு நேராக, ஒரு ஸ்டாண்டில் சாய்த்து வைத்த டேப்லெட். ஓரமெல்லாம் பூனை ஸ்டிக்கர்.

"சொல்லுங் தம்பி. மொதல்ல இருந்து சொல்லுங்," என்றபடி வசந்தாமணி சோபாவில் உட்கார்ந்தார்.

"எனக்கும் வான்மதிக்கும் டைவர்ஸ் ஆயிடுச்சு ஆண்டி. எங்க பொண்ணு கயல் அவளோட கலிஃபோர்னியாவுல, பே ஏரியாவுல இருக்கா. எட்டு வயசு. டெய்லி சாயங்காலம் எனக்கு ஒரு வீடியோ கால் உண்டு. கோர்ட் சொன்ன ஆப்ல தான் பேசணும். அது இந்த ஒரு டேப்லெட்ல மட்டும் தான் ரிஜிஸ்டர் ஆகியிருக்கு. கயலோட பழைய டேப்லெட். போகும்போது 'கால் மீ ஆன் திஸ், அப்பா'ன்னு அவளே என் கையில குடுத்துட்டுப் போனா." அவன் அதன் ஸ்டாண்டைச் சற்று நேராக்கினான். "இப்போ எட்டு மணியானா கரெக்டா நெட் போயிடுது. ஆப்ல 'அப்பா வரலை'ன்னு பதிவாகுது. வியாழக்கிழமை கோர்ட். வாரத்துக்கு ஒரு கால் போதும்னு வான்மதியோட லாயர் கேக்கறார்."

"எப்ப இருந்துங் இப்படி?"

"ஸ்கூல் திறந்ததுல இருந்து. அதுக்கு முன்னாடி ஏழரைக்குப் பேசுவோம். 'கயலை நீச்சல் கிளாஸ்ல போட்டிருக்கேன், கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாம்'னு வான்மதி மெசேஜ் பண்ணா. அங்க ஆறு, இங்க எட்டு. மாத்தின அன்னிக்கே போச்சு! பிளான் பண்ணிச் செய்யறா ஆண்டி. ரவுட்டரோட அட்மின் அவ போன்ல இருக்கு. கலிஃபோர்னியாவுல உக்காந்துக்கிட்டே இங்க கட் பண்ணலாம். அதை நீங்க நிரூபிச்சுக் குடுத்தா போதும்."

டென்னிஸ் வசந்தாமணியின் காதருகே குனிந்தான். "கேஸ் முடிஞ்சுது அக்கா. ஆளும் சிக்கியாச்சு, ஆயுதமும் சிக்கியாச்சு. போற வழியில தோசை தின்னுட்டுப் போவோம்."

"பசிச்சா ஒரு பிஸ்கட் வாங்கித் தின்னு," என்ற வசந்தாமணி எழுந்து டிவி ஸ்டாண்டுக்குப் போனார். அங்கேதான் ரவுட்டர் இருந்தது. வெள்ளை நிறம், டிபன் டப்பா அளவு. அதன் முகப்பில் யாரோ மார்க்கரால் மூடிய இரண்டு கண்களும் ஒரு புன்னகையும் வரைந்திருந்தார்கள்.

"இதுக்கு மூஞ்சி வரைஞ்சது ஆருங்?"

"கயல் தான்."

"கண்ணு மூடிட்டிருக்குதே."

"குழந்தை ஆண்டி. ஏதோ வரைஞ்சா."

"வேலை நேரத்துல கண்ண மூடிட்டிருக்கு. நான் மின்ன வேல பாத்த ஆபீஸ் ஞாவகம் வருது," என்றான் டென்னிஸ். யாரும் சிரிக்கவில்லை.

வசந்தாமணி திரும்பினார். "தினமுமா போகுதுங்?"

"ஆல்மோஸ்ட். சில நாள் பேச முடியும். எந்த நாள்னு சொல்ல முடியாது. ரெக்கார்டெல்லாம் லாயர்கிட்ட இருக்கு. எனக்கு அதைப் பாக்கவே பிடிக்கல."

"அது கோர்ட்டுக்கு இருக்கட்டும். எனக்கு வேற சொல்லுங். பேச முடிஞ்ச நாள்ல உங்க தட்டுல என்ன இருந்துச்சுங்?"

மகிழன் விழித்தான். டென்னிஸும்தான்.

"அவ சேருக்கு நேரா டேப்லெட்ட வெச்சிருக்கீங்களே. ஒண்ணா உக்காந்து சாப்பிடற மாதிரி தான பேசுவீங்?"

மகிழனின் முகம் மெல்ல இளகியது. "பிரியாணி. 'டூ மச் ரெட், அப்பா'ன்னு சிரிச்சா. அப்புறம் ஒரு நாள் பூரி. ஒண்ணுகூட உப்பல. அதுக்கு ஒரே கிண்டல். அதுக்கப்புறமும் பிரியாணி... பூரி..."

"பிரியாணி எப்ப வாங்குவீங்?"

"வெள்ளிக்கிழமை. ஆபீஸ்ல இருந்து வரும்போது."

"பூரி?"

"சனிக்கிழமை தான் அதுக்கெல்லாம் டைம் இருக்கும்."

"மத்த நாள்?"

"தயிர் சாதம். ஒருத்தனுக்கு வேற என்ன செய்யறது?"

"உங்க தயிர் சாதத்த உங்க புள்ள எப்பவாச்சும் பாத்திருக்குதுங்களா?"

மகிழன் மஞ்சள் மெத்தையைத் திரும்பிப் பார்த்தான். "இல்ல," என்றான்.

டென்னிஸ் கையைத் தட்டினான். "அப்போ நம்ம திருடன் வெள்ளி, சனி லீவு போடுறான்! கவர்மென்ட் உத்தியோகம்லா! ஆனா ஞாயித்துக்கிழமை டியூட்டிக்கு வந்துருதானே. அதான் இடிக்குது."

"எனக்கும் அது தான் டென்னிசு இடிக்குது." வசந்தாமணி கடிகாரத்தைப் பார்த்தார். எட்டாகச் சற்று நேரமே இருந்தது. "தம்பி, டிவியப் போடுங். இந்த வீட்டு நெட்ல தான ஓடுது? டென்னிசு, உன்ற போனையும் இவுங்க வைஃபைல மாட்டி எதையாச்சும் ஓட விடு."

டிவியில் ஒரு சமையல்காரர் வெங்காயம் நறுக்கத் தொடங்கினார். டென்னிஸின் போனில் யாரோ மீன் வலையை இழுத்தார்கள். மகிழன் டேப்லெட்டின் முன் உட்கார்ந்து, தலையைக் கையால் கோதிவிட்டுக்கொண்டான். எதிரில் தயிர் சாதம்.

எட்டு மணி. ஆப்பைத் தொட்டான். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"போச்சு! பாத்தீங்களா, போச்சு!" மகிழன் பாய்ந்து ரவுட்டரின் ஒயரைப் பிடுங்கப் போனான். தினமும் அதைத்தான் செய்வான் போலிருக்கிறது.

"கைய எடுங் தம்பி. காதக் குடுங்."

வெங்காயம் நறுக்கும் சத்தம் டக்டக்கென்று வந்துகொண்டிருந்தது. டென்னிஸின் போனில் வலை கரைக்கு வந்துவிட்டது. மீன் துள்ளியது.

"நெட் எங்கீங் போச்சு? இங்கயே தான இருக்குது. இத்தன நாளா ஒரு தரம் டிவியப் போட்டுப் பாக்கலீங்களா?"

"அந்த நேரத்துல நான் எதுக்கு ஆண்டி டிவி போடப் போறேன்?" என்றான் மகிழன்.

"பந்தியில எல்லாருக்கும் சோறு. இந்தப் பிள்ளைக்கு மட்டும் இலையில்ல," என்று டென்னிஸ் டேப்லெட்டைப் பார்த்தான். "ரவுட்டருக்குள்ள போயி, இதை மட்டும் விடாதன்னு யாரோ சொல்லி வச்சிருக்காவ அக்கா."

"யாரோ என்ன சார் யாரோ? வான்மதி!"

டென்னிஸுக்கும் சந்தேகமே இல்லை. வசந்தாமணி தன் போனை எடுத்து, மகிழனிடம் எண்ணைக் கேட்டு, ஸ்பீக்கரில் போட்டார். பேசக் கூடாது என்று அவனுக்குச் சைகை காட்டினார்.

"ஹலோ, யாரு?"

"என் பேரு வசந்தாமணிங். பிளானோல துப்பறியற வேல. மகிழன் கூப்பிட்டு வந்திருக்கேன்."

"துப்பறியறவங்களா? ரொம்ப நல்லது ஆண்டி. அங்க எட்டு மணியானா அவர் எங்க போறார்னு கண்டுபிடிச்சு எனக்கும் சொல்லுங்க. குழந்தை தலை வாரிக்கிட்டு வந்து உக்காந்திருக்கா. இன்னிக்கும்."

"வெள்ளி, சனி வர்றாருங்களே அம்மிணி."

"வீக்கெண்ட் அப்பா யாருக்கு ஆண்டி வேணும்? ஸ்கூல் நைட்ல தான் அவ தூங்க மாட்டேங்கறா. சண்டேல இருந்து தர்ஸ்டே வரைக்கும், மறுநாள் ஸ்கூல் இருக்கற அத்தனை நாளும் இவர் மிஸ்ஸிங். நான் என்னன்னு சொல்லி அவளைத் தூங்க வைக்கறது?"

வசந்தாமணியின் பார்வை மெல்ல நகர்ந்து ரவுட்டரின் மூடிய கண்களில் போய் நின்றதை டென்னிஸ் பார்த்தான். அவர் இப்படிப் பார்த்தால் பாதிக் கேஸ் முடிந்தது என்று அர்த்தம்.

"ஒண்ணே ஒண்ணு அம்மிணி. இந்த ரவுட்டரோட அட்மின் பாஸ்வேர்ட் வேணுமே."

"பழசு தான் ஆண்டி. நான் மாத்தவே இல்லையே. அவருக்குத் தெரியும். புது போன் வாங்கினப்போ ரவுட்டர் ஆப்பைக்கூட நான் அதுல போடல. எனக்கு எதுக்கு?"

"லைன்லயே இருங்," என்று வசந்தாமணி போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"சாவியக் கேட்டதும் தூக்கிக் குடுக்கற திருடன நான் இதுவரைக்கும் பாத்ததில்லீங் தம்பி," என்றார் மகிழனிடம். "அந்தப் பழைய பாஸ்வேர்ட நீங்க ஒரு தரம் போட்டுப் பாத்தீங்களா?"

"மாத்தியிருப்பான்னு நினைச்சேன்."

"கேட்டீங்களா?"

மகிழன் எழுந்து போய் லேப்டாப்பை எடுத்து வந்தான்.

மகிழன் லேப்டாப்பைத் திறந்தான். ரவுட்டரின் பக்கம் வந்தது. பாஸ்வேர்ட் கேட்டது. அவன் விரல்கள் கட்டைகளைப் பார்க்காமலே அடித்தன. மனசு மறக்க நினைத்ததை விரல் மறக்கவில்லை. கதவு திறந்துகொண்டது.

வைஃபையின் பெயர், விருந்தாளிகளுக்கான வைஃபை, இது அது என்று ஒவ்வொரு பக்கமாகப் போனார்கள். கடைசியில் பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு என்ற பக்கம். அதில் ஒரே ஒரு விதி. பக்கத்தில் ஒரு பிறை நிலா. கயலின் டேப்லெட்டுக்கு இரவு எட்டிலிருந்து விடியும்வரை நெட் கிடையாது. ஞாயிறு முதல் வியாழன் வரை நாள்கள் நீலமாக எரிந்தன. வெள்ளியும் சனியும் வெறுமையாக இருந்தன.

"அவ தான்! நான் சொன்னேனே ஆண்டி! போட்டோ எடுங்க சார், லாயருக்கு அனுப்பணும்!"

டென்னிஸ் போனைத் தூக்கிவிட்டான். வசந்தாமணி அவன் கையைப் பிடித்து இறக்கினார்.

"பொறுங். பேச்சத் தடுக்கோணும்னு நெனைக்கறவ, வெள்ளிக்கிழமை எதுக்குங் விடறா? பேச்சு அரை மணி நேரம். அதுக்கு விடிய விடிய எதுக்குங் பூட்டு? இது விரோதி போட்ட பூட்டு இல்லீங் தம்பி. நாளைக்குப் பள்ளிக்கூடம், புள்ள நேரத்துல தூங்கோணும். வெள்ளி, சனி மட்டும் கொஞ்சம் பாத்துட்டுப் போகட்டும்னு ஆசையா நெனைச்ச ஒருத்தரு போட்டது." அவர் ரவுட்டரை ஒயரோடு தூக்கி, அதன் முகத்தை மகிழன் பக்கம் திருப்பினார். "இப்பச் சொல்லுங். இது ஏன் தூங்குது?"

மகிழன் அந்த மூடிய கண்களையே பார்த்தான்.

"எட்டு மணி ஆனா அவகிட்ட இருந்து டேப்லெட்டைப் பிடுங்கணும்," என்றான் மெதுவாக. "தினம் அழுகை. நான் வில்லனா இருக்க வேண்டாம்னு... 'அப்பா இல்லடா, ரவுட்டருக்குத் தூக்கம் வந்துடுச்சு'ன்னு சொல்லுவேன். அவ எழுந்து வந்து, அதுக்கு குட் நைட் சொல்லிட்டு, சத்தம் போடாமப் போய்ப் படுத்துக்குவா. அதுக்குத் தான் ஆண்டி கண்ணு வரைஞ்சா." அந்தக் கண்களை விரலால் தொட்டான். "நான் தான் போட்டேன். நான் தான் ஆண்டி."

பாருங்கள் கண்ணுகளா. அந்தக் குழந்தை அந்த வீட்டை விட்டுப் போய்விட்டாள். அவள் கட்டிலில் இப்போது மகிழன் துணி மடித்து வைக்கிறான். ஆனால் அந்த வெள்ளைப் பெட்டி மட்டும், சொன்ன சொல் தவறாமல், பள்ளிக்கூட நாளெல்லாம் அவளைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தது.

"பாவம் அக்கா," என்றான் டென்னிஸ். இந்த முறை அவன் வேடிக்கைக்குப் பேசவில்லை. "பிள்ள போயிட்டான்னு அதுட்ட யாரும் சொல்லலியே."

விதியை நீக்க ஒரு பொத்தான் இருந்தது. மகிழன் மவுஸின் அம்பை அதன் மேல் கொண்டுபோய் நிறுத்தினான். அழுத்தவில்லை. ஒரு அழுத்தில் மகள் கிடைப்பாள். அதே அழுத்தில், அவளுக்காக இந்த வீடு செய்துகொண்டிருந்த கடைசிக் காரியமும் போய்விடும்.

"எடுக்க வேண்டாங்," என்றார் வசந்தாமணி. "தள்ளி வைங். ஒம்பதுன்னு மாத்துங். அது பாட்டுக்கு அது வேலையப் பாக்கட்டும்."

எட்டு, ஒன்பதானது. சேமி என்பதை அழுத்தினான். டேப்லெட்டில் சுற்றிக்கொண்டிருந்த வட்டம் நின்றது.

அப்போதுதான் மேஜையில் கவிழ்ந்து கிடந்த போனிலிருந்து குரல் வந்தது. "மகி."

மூவரும் அதை மறந்தே போயிருந்தார்கள். வசந்தாமணி மறந்தாரா என்பது மட்டும் டென்னிஸுக்குச் சந்தேகம்.

"எல்லாம் கேட்டுது," என்றாள் வான்மதி. "நானும் உனக்கு அக்கறை இல்லன்னு தான் நினைச்சுட்டிருந்தேன். டெய்லி கால் இருக்கட்டும்னு லாயர்கிட்ட நானே சொல்லிடறேன். நீ என்னைச் சந்தேகப்பட்டதும் கேட்டுது. அது வேற விஷயம். அதை இன்னொரு நாள் பேசிக்கலாம். இப்போ கூப்பிடு. அவ உக்காந்திருக்கா."

டேப்லெட்டில் ஒரு முகம் வந்தது. இரட்டைப் பின்னல், முன்பல் ஒன்று காணோம்.

"அப்பா! யூ ஆர் லேட்!"

"ஆமாடா தங்கம். ரவுட்டர் தூங்கிடுச்சு."

கயல் இதில் ஆச்சரியப்படவே இல்லை. "டிட் யூ சே குட் நைட் டு இட்?"

"நீ சொல்லு. உனக்காகத் தான் முழிச்சிட்டிருக்கு."

"வெய்ட். வாட்ஸ் தட் ஆன் யுவர் பிளேட்?"

மகிழன் தட்டைத் தூக்கிக் காமிராவுக்கு நேராகக் காட்டினான். "தயிர் சாதம்."

"ஈவ்! டேக் எ பைட், அப்பா. ஐ வான்ட் டு சீ."

அவன் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டே மென்றான். வசந்தாமணி சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்.

கார் நிறுத்துமிடத்தில் இருட்டிவிட்டிருந்தது. வீட்டுக்கு வீடு ஜன்னலில் வெளிச்சம் இருந்தாலும், நடமாட்டம் மட்டும் எங்கேயும் இல்லை.

"வான்மதி தான்னு நானும் ஆணியடிச்ச மாதிரி நம்பிட்டேன் அக்கா," என்றான் டென்னிஸ்.

"அவுங்க ரெண்டு பேருல ஒருத்தரு இன்னொருத்தரக் கேட்டிருந்தா, நமக்கு இன்னைக்கு வேலையே இல்ல டென்னிசு."

டென்னிஸ் காரை ஸ்டார்ட் செய்யவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். ஊரில் இப்போது விடிந்திருக்கும். மகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருப்பாள்; தொந்தரவு செய்ய வேண்டாமென்று அவன் இந்த நேரத்தில் கூப்பிடுவதே இல்லை. தொந்தரவா என்று அவளிடம் கேட்டதும் இல்லை.

"எனக்குக் கால் மரத்துப் போச்சு," என்று வசந்தாமணி கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். "அந்த மரம் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வர்றேன். நீ இரு."

அவர் நடந்து போனார், முழங்கால் வலியோடு, மெல்ல, திரும்பிப் பார்க்காமல். டென்னிஸ் போனை எடுத்தான். முதல் மணியிலேயே மகள் எடுத்துவிட்டாள்.

"மக்களே," என்றான். "எழும்பியாச்சா? என்ன தின்ன? ...இல்ல, ஒண்ணுமில்ல. சும்மா கேக்கணும்னு தோணிச்சு."

அவ்வளவுதான் கண்ணுகளா கதை. போனைத் திருப்பிக்கொள்ளுங்கள். யாரையாவது கூப்பிட வேண்டியிருந்தால் இப்போதே கூப்பிட்டுவிடுங்கள். உங்கள் வீட்டில் சாப்பிடுகிற தட்டுக்கு எதிரே எப்போதும் ஒரு முகம் இருக்கட்டும். தூரத்தில் இருக்கிற பிள்ளைகளின் குரல் தடங்கலில்லாமல் வந்து சேரட்டும். சந்தேகம் வருகிற நாளில் கேட்கிற தைரியமும் கூடவே வரட்டும். உங்கள் வீட்டு விளக்கு அணைகிற நேரத்தில், குட் நைட் சொல்ல ஒருவரும் அதைக் கேட்க ஒருவரும் இருந்து, எல்லோரும் நன்றாகத் தூங்குங்கள்.